தலைமடை, கடைமடை, நடுவில் ஒரு மீன்தொட்டி

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துப் பள்ளிகள் பலவற்றுக்கு ஆண்டுதோறும் ஐப்பசி வாக்கில் மீன் முட்டைகள் வந்து சேர்கின்றன. அரசின் மீன் பொரிப்பகத்திலிருந்து, ஈரம் காயாமல் குளிர் குறையாமல் பொதிந்து அனுப்புகிறார்கள். பட்டாணியைவிடச் சிறிய முட்டை, ஆரஞ்சு நிறம். உற்றுப் பார்த்தால் உள்ளே இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். அதுதான் கண். குழந்தைகள் அதை வகுப்பறைத் தொட்டியிலேயே பொரிக்க வைத்து, குஞ்சாக்கி, ஆறு மாதம் வளர்த்து, சித்திரை வைகாசியில் மலை ஓடையில் கொண்டுபோய் விடுகிறார்கள். மீனின் பெயர் டிரவுட். குளிர்ந்த, தெளிந்த, ஓடுகிற தண்ணீரில்தான் அது பிழைக்கும். தண்ணீர் கெட்டால் முதலில் சாவது அதுதான்.

நான் கீழ்பவானிப் பாசனத்தில் மஞ்சளும் நெல்லும் தென்னையும் வைத்திருப்பவன். இயற்கை வழிக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மகள் குடும்பம் நியூயார்க்கில் இருப்பதால், போன ஐப்பசியில் போய்ச் சித்திரை கடைசியில் திரும்பினேன். பேத்தி ஐந்தாம் வகுப்பு. அவள் வகுப்பில் இந்தத் தொட்டி இருந்தது. ஆசிரியையிடம் அனுமதி வாங்கி நாலைந்து முறை போய்ப் பார்த்தேன். ஓடையில் மீன் விடப் போனபோதும் கூடப் போனேன்.

மீன் வளர்ப்பு பற்றி மட்டும் என்றால் இந்த இதழில் எழுதியிருக்க மாட்டேன். அந்தத் தொட்டிக்குப் பின்னால் ஒரு பெரிய நகரத்துக்கும், மலைமேல் மாடு வளர்க்கும் உழவர்களுக்கும் நடுவே நடந்த ஒரு வழக்கு இருக்கிறது. அது தீர்ந்த விதமும் இருக்கிறது. தலைமடையில் இருப்பவன் தண்ணீரைக் கெடுக்காமல் அனுப்பினால் கடைமடைக்காரன் அவனுக்கு என்ன தர வேண்டும்? நம் ஊரில் யாரும் கேட்காத இந்தக் கேள்விக்கு அங்கே காசோலை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

முட்டையிலிருந்து குஞ்சு வரை

தொட்டி சுமார் 200 லிட்டர் பிடிக்கும் கண்ணாடித் தொட்டி. அடியில் கூழாங்கல். பக்கத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் எந்திரம், ஒரு வடிகட்டி, காற்றுக் குழாய். வெப்பநிலை 10 முதல் 13 டிகிரிக்குள் நிற்க வேண்டும். தொட்டியைச் சுற்றித் தடித்த அட்டை வைத்து மூடியிருந்தார்கள். முட்டைக்கு வெளிச்சம் ஆகாது. இயற்கையில் தாய்மீன் ஓடையின் அடியில் வாலால் சரளைக்கல்லை விலக்கிக் குழி பறித்து, முட்டையிட்டு, மறுபடி கல்லால் மூடிவிடும். அந்த இருட்டைத்தான் அட்டை தருகிறது.

முட்டைகள் ஒரு வலைக் கூடையில் தொட்டிக்குள் மிதந்தன. தினமும் இரண்டு குழந்தைகளுக்கு முறை. செத்த முட்டை வெள்ளையாகிவிடும். அதை உடனே உறிஞ்சு குழாயால் எடுத்துவிட வேண்டும். விட்டால் பூஞ்சணம் பிடித்து, பஞ்சு மாதிரி படர்ந்து, பக்கத்து முட்டையையும் கொல்லும். நாற்றங்காலில் அழுகல் விழுந்தால் நாம் பிடுங்கி எறிவது மாதிரிதான்.

முட்டை எப்போது பொரியும் என்பதற்கு அவர்கள் போடும் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. நாளை எண்ணுவதில்லை, சூட்டை எண்ணுகிறார்கள். கருவுற்ற நாளிலிருந்து ஒவ்வொரு நாளின் தண்ணீர் வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வருகிறார்கள். அங்கே வளர்த்தது பழுப்பு டிரவுட். அதற்குக் கூட்டுத்தொகை 400ஐத் தாண்டும்போது பொரியத் தொடங்கும். 10 டிகிரித் தண்ணீரில் 40 நாளுக்குக் கொஞ்சம் மேல். 5 டிகிரி என்றால் ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு. கண் தெரிகிற பருவத்தில்தான் பள்ளிக்கு வருகிறது என்பதால் பாதிக் கணக்கைப் பொரிப்பகத்துக்காரர்களே எழுதி அனுப்பிவிடுகிறார்கள். மீதியைக் குழந்தைகள் சுவரில் ஒட்டிய தாளில் எழுதிக் கூட்டுகிறார்கள். மார்கழிப் பனியில் நட்ட நாற்று ஏன் தாமதமாகப் பிடிக்கிறது, அதே ரகம் மாசியில் ஏன் வேகமாக வருகிறது என்று நமக்கு அனுபவத்தில் தெரியும். அதற்கு எண் வடிவம் கொடுத்தால் இந்தக் கணக்குதான்.

பொரிந்த குஞ்சு மீன் மாதிரியே இருக்காது. வயிற்றில் ஒரு மஞ்சள்கருப் பை தொங்கும். கட்டுச்சோறு போல. அது தீரும்வரை குஞ்சு கல்லிடுக்கில் பதுங்கிக் கிடக்கும், வாயால் எதுவும் தின்னாது. இரண்டு மூன்று வாரத்தில் பை வற்றியதும் ஒவ்வொன்றாக மேலே நீந்தி வரும். அப்போதுதான் முதல் தீனி. மாவு போன்ற தூளை விரல் நுனியில் எடுத்துத் தூவ வேண்டும்.

"கொஞ்சமாத்தான் போடணும் அப்புச்சி. மிச்சம் விழுந்தா தண்ணி கெட்டுரும்" என்றாள் பேத்தி.

"அது எப்படிக் கண்ணு கெடும்?" என்று கேட்டேன். சொல்லத் தெரிகிறதா பார்ப்போம் என்றுதான் கேட்டேன்.

அவள் ஒரு படம் போட்டே காட்டிவிட்டாள். அந்தப் படம் நம் மண்ணின் படம்.

தொட்டிக்குள் நடப்பதும் நிலத்துக்குள் நடப்பதும்

மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகினால் அம்மோனியா வரும். அம்மோனியா மீனுக்கு நஞ்சு, செவுளை எரித்துவிடும். தொட்டிக்குள் கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டி வாழும் ஒரு வகை நுண்ணுயிர் அந்த அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கும். நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு வகை நுண்ணுயிர் அதைத் தின்று நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் மீனுக்கு அவ்வளவு கேடில்லை. அது மிகுந்துவிடாமல் இருக்க வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுகிறார்கள்.

இந்த நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் முட்டை வருவதற்கு ஒரு மாதம் முன்பே தொட்டியை நிரப்பி ஓட விட்டுவிடுகிறார்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுவதில்லை. அதில் குளோரின் இருக்கும். மீனுக்கும் ஆகாது, நுண்ணுயிருக்கும் ஆகாது. குளோரினை நீக்கிவிட்டுத்தான் ஊற்றுகிறார்கள். அமுதக்கரைசலுக்கும் பஞ்சகவ்யத்துக்கும் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் கூடாது என்று நம் கூட்டங்களில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! அந்தக் காரணத்தைப் பத்து வயதுக் குழந்தைகள் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள்.

நம் நிலத்திலும் இதே இரண்டு நுண்ணுயிர்க் கூட்டமும் இதே வேலையைத்தான் செய்கின்றன. எருவிலிருந்து மெதுவாக வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கி வேருக்குக் கொடுக்கின்றன. ஒரே நாளில் மூட்டை மூட்டையாக யூரியாவைக் கொட்டினாலும் அதே பாதைதான். ஆனால் வேர் எடுத்தது போக மிச்சம் நைட்ரேட்டாகத் தண்ணீரோடு கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கைக்குழந்தைகளுக்குத்தான் அதனால் ஆபத்து அதிகம், இரத்தம் உயிர்வளியைச் சுமக்க முடியாமல் போய்விடும். மிஞ்சிய தீனி தொட்டியைக் கெடுக்கிறது; மிஞ்சிய உரம் கிணற்றைக் கெடுக்கிறது. தொட்டியில் கெட்டால் மறுநாளே மீன் மிதக்கும், கண்ணுக்குத் தெரியும். கிணற்றில் கெட்டால் தெரிய ஆண்டுக்கணக்காகும்.

வாரம் இரண்டு நாள் குழந்தைகள் தண்ணீரைச் சோதிக்கிறார்கள். சிறு குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், கார அமிலத் தன்மை என்று எழுதி வைக்கிறார்கள். உயிர்வளியும் பார்க்கிறார்கள். 10 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் வரை உயிர்வளி கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். டிரவுட்டுக்கு ஏன் குளிர்ந்த தண்ணீர் வேண்டும் என்பதற்கு இது முக்கியக் காரணம். ஓடைக்கரையில் மரம் இருந்து நிழல் விழுந்தால்தான் கோடையில் தண்ணீர் குளிர்ந்திருக்கும். ஆக, கரையில் நிற்கும் மரமும் மீனுக்கு மூச்சு கொடுக்கிறது.

குழாயில் வரும் தண்ணீர் எங்கே பிறக்கிறது?

வகுப்பில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. நகரத்திலிருந்து வடக்கே 200 கிலோமீட்டர் தொலைவு வரை உள்ள மலைகளும் நீர்த்தேக்கங்களும் அதில் இருந்தன. 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்த நகரம் நாளுக்குச் சுமார் 380 கோடி லிட்டர் தண்ணீர் எடுக்கிறது. பெரும்பகுதி கேட்ஸ்கில் மலைகளிலிருந்தும் டெலவேர் ஆற்றின் தலைப்பகுதியிலிருந்தும் வருகிறது. மோட்டார் போட்டு இறைப்பது மிகக் குறைவு. சரிவிலேயே ஓடி வந்துவிடுகிறது. இன்னொரு வியப்பு, அந்த மலைத் தண்ணீரை வடிகட்டுவதில்லை. குளோரினும் புற ஊதா ஒளியும் மட்டும்தான். மலையில் தண்ணீர் சுத்தமாகப் பிறப்பதால்தான் இப்படிச் செய்ய முடிகிறது.

அந்த மலையில் காடு மட்டும் இல்லை. ஊர்கள் இருக்கின்றன, பால் பண்ணைகள் இருக்கின்றன. மாடு இருந்தால் சாணம் இருக்கும், மழை பெய்தால் ஓடைக்கு வரும்.

மலைக்காரர்களுக்கு நகரத்தின் மேல் பழைய மனத்தாங்கல் உண்டு. 1907இல் தொடங்கிக் கட்டிய அஷோகன் நீர்த்தேக்கத்துக்காக மட்டும் சுமார் 2000 பேர் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது. கல்லறைகளைக்கூடத் தோண்டி இடம் மாற்றினார்கள். பின்னால் வந்த பெபாக்டன், கேனன்ஸ்வில் நீர்த்தேக்கங்களிலும் ஊர்கள் முழுகின. அணைக்காக ஊர் இழந்தவர்களின் கதை நமக்குப் புதிதல்ல.

1989இல் அமெரிக்க நடுவண் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஆறு, ஏரித் தண்ணீரைக் குடிநீராகத் தருபவர்கள் வடிகட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பிறக்கும் இடத்திலேயே தண்ணீர் பாதுகாப்பாக இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். வடிகட்டும் ஆலை கட்ட நியூயார்க்குக்கு 600 முதல் 800 கோடி டாலர் ஆகும் என்று அப்போது கணக்குப் போட்டார்கள். ஆண்டுதோறும் ஓட்டும் செலவு தனி. மலையைக் காத்தால் 100 முதல் 150 கோடியில் முடியும். நகரம் மலையைக் காக்க முடிவு செய்தது.

முதலில் போன வழி, நம் அதிகாரிகள் போகும் அதே வழி. 1990இல் நகரத்தார் உட்கார்ந்து ஒரு விதிமுறை வரைவை எழுதினார்கள். நீர்நிலைக்கு அருகே எரு போடுவதற்குத் தடை, அது கூடாது, இது கூடாது. மலை நிலத்தில் ஓடை இல்லாத வயலே குறைவு. அந்த விதி வந்தால் பண்ணையை மூட வேண்டியதுதான் என்று உழவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் பிறகுதான் பேச்சுவார்த்தை. மாநில வேளாண் துறை நடுவே நின்று இரு தரப்பையும் உட்கார வைத்தது. 1993இல் நீர்ப்பிடிப்பு வேளாண் மன்றம் என்ற அமைப்பு உருவானது. அதை நடத்துவதில் உழவர்களுக்கே பெரும்பங்கு, பணம் நகரத்தினுடையது. சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம். 1997இல் நகரம், மாநிலம், மலை ஊர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அந்த 1997இல்தான் நியூயார்க்கில் வகுப்பறை டிரவுட் திட்டமும் தொடங்கியது. நகரத்துப் பள்ளியையும் மலையில் உள்ள பள்ளியையும் இணைத்து, ஒரே மீனை இரு பக்கமும் வளர்க்க வைப்பதுதான் அதன் நோக்கம்.

ஓடைக்கரையில்

சித்திரை நடுவில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் பேருந்து கிளம்பியது. விரல் நீளம் வளர்ந்த குஞ்சுகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் தொட்டித் தண்ணீரோடு வைத்து, மின்கலத்தில் ஓடும் காற்றுக் குழாயும் போட்டு மடியில் வைக்காத குறையாகக் கொண்டுபோனார்கள். அக்டோபரில் வந்த முட்டைகளில் பாதிக்கு மேல் பிழைத்திருந்தன. காட்டு ஓடையில் இத்தனை பிழைக்காது. ஆயிரம் முட்டையில் ஒரு சில மீன்கள் பெரிதாவதே அதிகம் என்று ஆசிரியை சொன்னார்.

போனதும் மீனை விடவில்லை. முதலில் ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டினார்கள். கல்லுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை வெள்ளைத் தட்டில் எடுத்து எண்ணினார்கள். ஒருநாள் ஈ என்று நாம் சொல்லும் மேஃபிளையின் இளம்புழு, ஸ்டோன்ஃபிளை, சிறு மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டி உள்ளே வாழும் கேடிஸ் புழு. இந்த மூன்றும் நிறைய இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். இவை குறைந்து மண்புழு போன்ற சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் தண்ணீர் கெட்டிருக்கிறது. ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு வெள்ளைத் தட்டு போதும். வரப்பில் எத்தனை சிலந்தி, எத்தனை பொறிவண்டு என்று பார்த்து வயலின் நிலையைச் சொல்கிறோமே, அதே முறை.

பிறகு ஓடைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டியில் விட்டுச் சூடு சமமான பின், ஆளுக்கு ஒரு குவளையில் ஒரு மீன் என்று கொடுத்தார்கள். குழந்தைகள் கரையில் மண்டியிட்டுக் குவளையைச் சாய்த்தார்கள். சில குஞ்சுகள் அம்பு மாதிரி போயின. சில அங்கேயே, கல் மறைவில் நின்று மூச்சு வாங்கின. அழுத குழந்தைகளும் உண்டு. என் பேத்தி அழவில்லை. "இந்தத் தண்ணிதானே அப்புச்சி நம்ம வீட்டுக் குழாய்க்கு வரும்?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் அம்முணி என்றேன்.

மலைமேல் ஒரு பால் பண்ணை

மறுநாள் மருமகன் காரில் ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போனார். எழுபது கறவை மாடுகள், மேய்ச்சல் நிலம், நடுவே ஒரு ஓடை. பண்ணைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நானும் உழவன் என்று மருமகன் சொன்னதும் கையைக் குலுக்கிவிட்டு நேராகக் கட்டுத்தரைக்குக் கூட்டிப்போய்விட்டார். எந்த நாட்டு உழவனாக இருந்தால் என்ன!

கட்டுத்தரையைச் சுற்றிச் சிமெண்டுத் தளமும் தடுப்பும் போட்டு, மழைநீர் சாணத்தின் மேல் ஓடாமல் கூரைத் தண்ணீரைத் தனியாகப் பிரித்துவிட்டிருந்தார்கள். அழுக்குத் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் ஒரு புல்வெளியில் பரவி வடிகிறது. ஓடையின் இரு பக்கமும் வேலி. மாடு தண்ணீருக்குள் இறங்காது, அதற்குத் தனியே தொட்டி. அக்கரைக்குப் போக மாட்டுப் பாலம். வேலிக்கும் ஓடைக்கும் நடுவே மரமும் புதருமாக ஒரு பட்டை. கன்றுகளுக்குத் தனிக் கொட்டகை. கன்றுச் சாணத்தில் வரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்குக் குளோரின் உறைக்காது. 1993இல் மில்வாக்கி நகரத்துக் குடிநீரில் அந்த ஒட்டுண்ணி கலந்து 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அதனால்தான் கன்றுக்கு இவ்வளவு கவனம்.

பண்ணைக்கு என்னென்ன வேண்டும் என்று உழவரும் திட்டக்காரர்களும் சேர்ந்து பண்ணை முழுமைக்கும் ஒரு திட்டம் எழுதுகிறார்கள். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு எரு என்பதும் அதில் உண்டு. கட்டுமானச் செலவு நகரத்தினுடையது. ஓடைக்கரைப் பட்டையில் பயிர் செய்யாமல் விட்டதற்கு 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று வாடகை வருகிறது. அதில் நடுவண் அரசின் பங்கும் உண்டு. பெரிய பண்ணைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கின்றன.

"தண்ணீர் விற்கிறீர்கள், அப்படித்தானே?" என்று மருமகன் மூலமாகக் கேட்டேன். அவர் சிரித்தார். "பால் விலை என் கையில் இல்லை. இந்தப் பணம் பால் விலையை ஈடுகட்டாது. ஆனால் இந்தக் கட்டுத்தரையை நானாகக் கட்டியிருக்கவே முடியாது" என்றார். அந்த வட்டாரத்தில் பால் பண்ணைகள் குறைந்துகொண்டே வருகின்றன. தண்ணீருக்கான பணம் மட்டும் உழவனைக் காப்பாற்றிவிடாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

இதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பாராட்ட முடியாது. முதலாவது, அந்தத் திட்டம் இயற்கை வேளாண்மைத் திட்டம் இல்லை. இரசாயன உரம் போடும் பண்ணைகளும் அதில் உண்டு. ஓடைக்குப் போகாமல் தடுப்பதுதான் அவர்கள் இலக்கு. நாம் போடுவதையே நிறுத்தியவர்கள்.

இரண்டாவது, பழுப்பு டிரவுட் அந்த மண்ணின் மீன் இல்லை. ஐரோப்பாவிலிருந்து 1883இல் முட்டையாக வந்தது. அங்கே மண்ணுக்குரியது புரூக் டிரவுட். வெளி மீன் வந்த பின் பல ஓடைகளில் அது மேலே, சிற்றோடைகளுக்கு ஒதுங்கிவிட்டது. அதனால்தான் மாநில அரசின் அனுமதி இல்லாமல் ஒரு குஞ்சைக்கூட ஓடையில் விட முடியாது. எந்த ஓடை என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். நம் ஊரில் ஜிலேபிக் கெண்டையும், தடை செய்தும் ஒழியாத ஆப்பிரிக்கக் கெளுத்தியும் குளங்களை என்ன செய்தன என்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

மூன்றாவது, ஆறு மாதமும் குளிர்விக்கும் எந்திரம் ஓடுகிறது. நமக்கு அது தேவையே இல்லை.

பவானிக்கு மேலே

டிரவுட் நமக்கும் முற்றிலும் அந்நியமில்லை. வெள்ளைக்காரர்கள் 1860களிலேயே நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்று தோற்றார்கள். 1907இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பின்தான் வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது. தூண்டில் பொழுதுபோக்குக்காக வந்த மீன் அது. ஆனால் அது நிற்கும் தண்ணீர் எங்கே போகிறது? அவலாஞ்சி ஓடைகள் குந்தா ஆற்றில் சேர்கின்றன, குந்தா பவானியில் சேர்கிறது, பவானி அணைக்கு வந்து கீழ்பவானி வாய்க்காலில் இறங்கி 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது. அதில் என் தோட்டமும் ஒன்று.

மலையில் செங்குத்துச் சரிவில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுபவர் எதைத் தெளிக்கிறார், மழையில் எவ்வளவு மண் கரைகிறது என்பது என் வாய்க்காலுக்கு வருகிறது. அவரைக் குறை சொல்வது எளிது. இரசாயனத்தை விட்டு, சரிவில் கல்வரப்பு கட்டி, ஓடைக்கரையில் சோலை மரம் விட்டு அவர் விளைவித்தால், கீழே இருக்கும் நாமும் நகராட்சிகளும் அவருக்கு என்ன தருகிறோம்? ஒன்றும் தருவதில்லை. கேரட்டுக்கு மட்டும்தான் விலை, அதுவும் இடைத்தரகர் சொல்லும் விலை. இயற்கை உழவன் நெல்லோடும் காயோடும் சேர்த்து நல்ல தண்ணீரையும் விளைவிக்கிறான். இந்தக் கோரிக்கையை நம் இயக்கம் கையில் எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. மானியம் என்று கெஞ்ச வேண்டாம். ஆலை கட்டுவதைவிட இது மலிவு என்று கணக்கோடு கேட்கலாம். நியூயார்க் அப்படித்தான் கணக்குப் போட்டது.

அதுவரை பள்ளிகளில் தொடங்கலாம். பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை இவை:

1. பள்ளியில் ஒரு சிமெண்டுத் தொட்டி. மண்ணும் நீர்ச்செடியும் போட்டு, அந்த ஊர்க் குளத்து மீனையே விடுங்கள். கெண்டை, அயிரை எதுவானாலும் சரி. திரும்ப விடும்போது எடுத்த குளத்திலேயே விட வேண்டும். கடையில் வாங்கிய அலங்கார மீனை ஒருபோதும் குளத்தில் விடக்கூடாது.

2. மழைக்காலத்தில் குளத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போய் விராலைக் காட்டுங்கள். தாயும் தகப்பனும் குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் இருப்பதை நேரில் பார்க்கலாம். புதுத் தண்ணீர் வந்ததும் மீன் எதிர்நீச்சல் போட்டு வயலுக்கு ஏறுவதையும் காட்டுங்கள். ஏற்றுமீன் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்மோடு முடிந்துவிடக் கூடாது.

3. அலங்கார மீன் கடைகளில் அம்மோனியா, நைட்ரேட் சோதனைச் சொட்டு மருந்து கிடைக்கிறது. ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு புட்டியில் கொண்டுவரட்டும். யூரியா போடும் தோட்டம், போடாத தோட்டம் என்று பிரித்துத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். பெற்றோர் கூட்டத்தில் அந்தத் தாளைப் படிக்கச் சொல்லுங்கள்.

4. வாய்க்காலிலும் ஓடையிலும் கல்லைப் புரட்டிப் பூச்சி எண்ணுவது. ஒரே இடத்தில் ஆண்டுக்கு இரு முறை எண்ணினால் போதும், மாற்றம் தெரிந்துவிடும். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் விடாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. மலைப் பள்ளி ஒன்றும் பாசனப் பகுதிப் பள்ளி ஒன்றும் சேர்ந்து கடிதம் எழுதிக்கொள்வது. குந்தாவில் படிக்கும் குழந்தைக்குத் தன் ஓடை எந்த வயலுக்குப் போகிறது என்று தெரியட்டும். கோபி, பெருந்துறைக் குழந்தைக்குத் தன் வாய்க்கால் எங்கே பிறக்கிறது என்று தெரியட்டும்.

நமக்கும் வேலை இருக்கிறது. கட்டுத்தரை கழுவிய தண்ணீரை வாய்க்காலுக்கு விடாமல் வாழைக்கோ தென்னைக்கோ திருப்புவது. எருக்குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி வைத்து, மழைநீர் அதன்மேல் ஓடாமல் வரப்புப் போடுவது. வாய்க்கால் கரையில் இரண்டு முழமாவது உழாமல் விட்டு நொச்சியோ ஆடாதொடையோ புல்லோ வளர விடுவது. ஊர் திரும்பியதும் என் தோட்டத்தில் இந்த மூன்றாவது வேலையைத் தொடங்கியிருக்கிறேன். இந்த ஆடியில் வாய்க்கால் ஓரம் நொச்சிக் குச்சி ஊன்றுகிறேன். பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் தொட்டி பற்றிப் பேசியாயிற்று. சிமெண்டும் செங்கல்லும் ஊர்க்காரர்கள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அயிரை பிடித்துத் தர நாலு பையன்கள் இப்போதே தயாராக இருக்கிறார்கள். உங்கள் ஊரில் யாராவது இதைத் தொடங்கினால் நம் இதழுக்கு எழுதுங்கள். தலைமடைப் பள்ளியையும் கடைமடைப் பள்ளியையும் இணைத்துவிடும் வேலையை நாமே செய்யலாம்.